ஒரு டிரில், இரண்டு பேட்டரி: வாசகர் கேள்வி – பதில்

வீட்டு வேலைக்குக் குறைந்த செலவில் பேட்டரிக் கருவிகள் வாங்குவது பற்றி வாசகர்களைக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: புது வீட்டுக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. படம் மாட்ட, அலமாரிக் கதவின் கீலை இறுக்க, கொசுவலைச் சட்டம் பொருத்த என்று வேலை வந்துகொண்டே இருக்கிறது. சின்ன வேலைக்கு ஆள் வருவதே இல்லை. 7,000 ரூபாய்க்குள் எந்த பேட்டரி டிரில் வாங்கலாம்? 12 வோல்ட்டா, 18 வோல்ட்டா? — வாசகி, திருப்பூர்

நீங்கள் எழுதியிருக்கும் வேலைகளுக்கு 12 வோல்ட் போதும். சுத்தியல் குறி போட்ட இம்பாக்ட் டிரில் (சுற்றிக்கொண்டே அடித்துச் சுவரைத் துளைப்பது), 10 மி.மீ. சாவியில்லாச் சக் (துளையிடும் முனையான பிட்டைப் பிடிக்கும் வாய், கையாலேயே இறுக்கலாம்), 2 ஆம்பியர்-அவர் (பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி இரண்டு, சார்ஜர், பெட்டி. இவ்வளவும் ஒரே செட்டாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெயர் தெரிந்த கம்பெனியின் செட் உங்கள் தொகையை ஒட்டித்தான் வரும். ஒரு பேட்டரி மட்டும் உள்ள செட் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு குறைவாகக் கிடைக்கிறதே என்று தோன்றும். ஏணியில் நிற்கும்போது, மூன்றாவது துளையில் பேட்டரி இறங்கிவிட்டால், அடுத்த ஒரு மணி நேரம் சார்ஜரின் விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பின்னால் தனியாக வாங்கினால் அந்த பேட்டரியின் விலை இன்னும் அதிகம்.

12 வோல்ட் டிரில் பேட்டரியோடு ஏறக்குறைய ஒரு கிலோ எடை. 18 வோல்ட் ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். தலைக்கு மேலே கையைத் தூக்கிப் பத்து ஸ்க்ரூ போடும்போது இந்த அரைக் கிலோவின் அருமை தெரியும். முறுக்கு விசையில் 12 வோல்ட் 30 நியூட்டன் மீட்டர் அளவிலும் 18 வோல்ட் 50 அளவிலும் இருக்கும். ஒன்றரை அங்குல ஸ்க்ரூவை பிளைவுட்டில் இறக்க 30 தாராளம்.

ஜிக்சா, வட்ட ரம்பம், ப்ளோயர் என்று அடுத்தடுத்து வாங்கும் எண்ணம் உங்களுக்கு உறுதியாக இருந்தால் மட்டும் 18 வோல்ட்டுக்குப் போங்கள். அப்போது நீங்கள் டிரில்லைத் தேர்ந்தெடுக்கவில்லை, பேட்டரியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். பிறகு அதே பேட்டரி போகும் கருவிகளை ‘பாடி மட்டும்’ என்று, பேட்டரியும் சார்ஜரும் இல்லாமல், குறைந்த விலைக்கு வாங்கலாம். ஒரே கம்பெனி என்பதால் எல்லாம் ஒன்றோடொன்று சேரும் என்று நினைத்துவிடாதீர்கள். பாஷின் நீல நிற 18 வோல்ட் பேட்டரி அதே பாஷின் பச்சை நிறக் கருவியில் ஏறாது. மகிடாவில் எல்.எக்ஸ்.டி. வரிசை, ஜி வரிசை இரண்டுமே 18 வோல்ட்தான், ஆனால் ஒன்றின் பேட்டரி மற்றதில் பொருந்தாது. கடைக்காரரிடம் “இந்த பேட்டரி வேறு எந்தெந்த மெஷினுக்குப் போகும், ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள்” என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பட்ஜெட்டில் 700, 800 ரூபாயை பிட்டுகளுக்கு எடுத்து வையுங்கள். செட்டோடு இனாமாக வரும் பிட்டுகள் பெரும்பாலும் காட்சிக்குத்தான். சுவருக்கு 6 மி.மீ. பிட் இரண்டு, 8 மி.மீ. ஒன்று, மரத்துக்கும் இரும்புக்கும் 2, 3, 4, 5 மி.மீ. எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) பிட் ஒவ்வொன்று, ஸ்க்ரூ போட பி.எச்.2 (பிளஸ் தலை, இரண்டாம் அளவு) பிட் ஐந்து. காந்தம் வைத்த பிடிப்பான் ஒன்று. கூடவே, சுவர்த் துளைக்குள் வைத்து ஸ்க்ரூவைப் பிடிக்கவைக்கும் 6 மி.மீ. பிளாஸ்டிக் பிளக் ஒரு பெட்டி, அதற்கேற்ற 8-ஆம் நம்பர் ஸ்க்ரூ ஒன்றரை அங்குலத்தில் ஒரு பெட்டி. பாதி வீட்டு வேலை இவற்றிலேயே முடியும்.

கேள்வி: இணையத்தில் ‘88 வி.எஃப்.’, ‘128 வோல்ட்’ என்று போட்டு, இரண்டு பேட்டரியோடு 2,000 ரூபாய்க்கு டிரில் விற்கிறார்கள். பெரிய கம்பெனி 18 வோல்ட்டுக்கே ஏழெட்டாயிரம் கேட்கிறதே, ஏன் இந்த வித்தியாசம்? — வாசகர், விருத்தாசலம்

அதன் உள்ளே 88 வோல்ட்டும் இல்லை, 128 வோல்ட்டும் இல்லை. கணக்குப் போட்டால் உங்களுக்கே தெரியும். ஒரு லித்தியம் செல்லின் வழக்கமான மின்னழுத்தம் 3.6 வோல்ட். முழுதாக ஏற்றினால் 4.2. ஐந்து செல்லைத் தொடராக இணைத்தால் 18 வோல்ட், முழு சார்ஜில் 21. அதனால்தான் ஒரே ஐந்து செல் பேட்டரியை ஒருவர் 18 என்கிறார், ஒருவர் 20 மேக்ஸ் என்கிறார், இன்னொருவர் 21 என்கிறார். மூவரும் பொய் சொல்லவில்லை. 12 வோல்ட் என்பதும் இப்படித்தான்: மூன்று செல், 10.8 வோல்ட், முழு சார்ஜில் 12.6. ஆனால் 88 வோல்ட் வேண்டுமென்றால் ஏறக்குறைய 24 செல்கள் வேண்டும். 18650 என்னும் வகைச் செல் ஒன்று 45 கிராமுக்கு மேல் நிற்கும். அப்படியானால் வெறும் செல்களே ஒரு கிலோவைத் தாண்டும். நீங்கள் பார்த்த பேட்டரி கைக்குள் அடங்குகிறது என்றால் அதில் இருப்பது ஐந்து செல், வோல்ட் 21-தான். 88-உம் வி.எஃப்.-உம் ஸ்டிக்கரில் மட்டுமே.

ஆம்பியர்-அவரிலும் இதே விளையாட்டு நடக்கும். ஐந்து செல்லைத் தொடராக இணைத்தால் வோல்ட் கூடும், ஆம்பியர்-அவர் கூடாது. ஒவ்வொன்றும் 1,500 மில்லி ஆம்பியர்-அவர் என்றால் மொத்த பேட்டரியும் 1,500-தான். ஐந்தையும் கூட்டி 7,500 என்று அச்சடிப்பது ஏமாற்று. வீட்டுத் தராசில் வைத்தே பார்த்துவிடலாம். 18 வோல்ட் 2 ஆம்பியர்-அவர் பேட்டரி கூடோடு 350 கிராம் அளவில் இருக்கும். 4 ஆம்பியர்-அவர் என்று எழுதியிருந்து, எடை 400 கிராமைத் தொடவில்லை என்றால் எழுத்தை நம்ப வேண்டாம்.

இந்தியாவில் விற்கும் பேட்டரியில் ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும், ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அதையும் தேடிப் பாருங்கள்.

அப்படியானால் இரண்டாயிரம் ரூபாய் டிரில் வீணா? ஸ்க்ரூ மட்டும் போடுபவருக்கு ஓடத்தான் செய்யும். சக்கின் நடுவில் பிட் ஆடும், சார்ஜரில் பாதுகாப்பு குறைவு, அந்த மாடலுக்கு அடுத்த வருடம் பேட்டரி கிடைக்காது. அந்தத் தொகைதான் கையில் இருக்கிறது என்றால் எங்கள் யோசனை வேறு: வயர் உள்ள 13 மி.மீ. இம்பாக்ட் டிரில்லை நல்ல கம்பெனியில் பாருங்கள். பேட்டரிக்குப் போகும் காசு மோட்டாருக்குப் போகும். பத்து வருடம் கழித்தும், மோட்டாருக்குள் தேயும் கார்பன் பிரஷ்ஷை மாற்றி ஓட்டலாம்.

கேள்வி: நல்ல கம்பெனி 12 வோல்ட் இம்பாக்ட் டிரில்தான் வைத்திருக்கிறேன். படம் மாட்ட வெண்ணெயில் இறங்குவது போல் இறங்குகிறது. ஜன்னலுக்கு மேல் திரைச்சீலைக் கம்பி மாட்டப் போனால் அரை அங்குலத்துக்கு மேல் போகவில்லை. பிட் கறுத்துப் போகிறது. மெஷினில் கோளாறா? — வாசகர், நாகர்கோவில்

மெஷினில் கோளாறு இல்லை. நீங்கள் துளைப்பது லிண்டலை. நம் வீடுகளில் ஜன்னல், கதவுகளுக்கு நேர் மேலே, தரையிலிருந்து ஏழு அடி உயரத்தில், கம்பி கட்டிய கான்கிரீட் பட்டை ஓடுகிறது. ஆறு அங்குல உயரம் இருக்கும். பல வீடுகளில் சுவர் முழுக்கச் சுற்றி வரும். திரைச்சீலைக் கம்பியின் கொக்கி அந்த ஆறு அங்குலத்துக்குள்தான் போய் உட்காரும். முதல் அரை அங்குலம் பூச்சு, அதனால் எளிதாக இறங்கியது. அடுத்தது ஜல்லி.

துளையிலிருந்து வரும் தூளைப் பாருங்கள். சிவப்பாக வந்தால் செங்கல். சாம்பலாக, மாவுபோல் கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் கான்கிரீட். சாம்பல் தூள் கண்டதும் வேகத்தைக் குறைத்து யோசிக்க வேண்டும்.

இம்பாக்ட் டிரில்லுக்குள் இரண்டு பல் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குவதால் அடி உண்டாகிறது. நிமிடத்துக்குப் பல ஆயிரம் அடி, ஆனால் ஒவ்வொன்றும் மெல்லிய அடி. செங்கல்லுக்கு அது போதும். ஜல்லிக்கு வேண்டியது ரோட்டரி ஹாமர். அதில் பிஸ்டன் காற்றை அழுத்தி, பிட்டின் பின்புறத்தில் சுத்தியலால் அடிப்பது போல் அடிக்கும். அதன் பிட் காடி வெட்டிய எஸ்.டி.எஸ். பிளஸ் வகை, உங்கள் டிரில் சக்கில் சேராது. மூன்று நிமிடம் போராடும் துளையை அது பத்து இருபது விநாடியில் போட்டுவிடும். வீடு முழுவதும் எட்டு ஜன்னலுக்குக் கம்பி மாட்டப் போகிறீர்கள் என்றால், வயர் உள்ள ரோட்டரி ஹாமரை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். கட்டுமானக் கருவி வாடகைக்கு விடும் கடை பல ஊர்களில் இருக்கிறது. துளைகளையெல்லாம் ஒரே நாளில் போட்டு பிளக்கையும் அடித்துவிட்டு, ஸ்க்ரூவைப் பிறகு உங்கள் பேட்டரி டிரில்லால் போட்டுக்கொள்ளலாம்.

ஒன்றிரண்டு துளைதான் என்றால் உங்கள் 12 வோல்ட்டையே வைத்துச் சமாளிக்கலாம். புது 6 மி.மீ. கார்பைடு முனை பிட் போடுங்கள். சுத்தியல் குறியில் வையுங்கள். ஐந்து விநாடி துளைத்து, ஓடும்போதே பிட்டை வெளியே இழுத்துத் தூளைக் கொட்டுங்கள். தூள் உள்ளேயே நின்றால் பிட் சூடேறிக் கறுக்கும்; உங்களுக்கு நடந்தது அதுதான். உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினால் பல் தட்டுகள் சரியாக ஏறி இறங்க முடியாமல் மோட்டார்தான் திணறும். திடீரென்று நகரவே இல்லையா? முனையில் ஜல்லிக் கல் நிற்கிறது. பழைய பிட்டையோ கெட்டியான ஆணியையோ துளைக்குள் வைத்து, சுத்தியலால் நான்கைந்து தட்டுத் தட்டினால் கல் உடையும். பிறகு டிரில் போகும். தட்டியும் பளபளவென்று உலோகத் தூள் வந்தால் அது கம்பி. துளையை ஓர் அங்குலம் தள்ளிப் போடுங்கள், கம்பியை வெட்டப் பார்க்காதீர்கள்.

இன்னொரு வழியும் உண்டு, பலர் யோசிப்பதில்லை. கொக்கியை லிண்டலுக்கு மேலே, ஏழே முக்கால் அடி உயரத்தில் வையுங்கள். அங்கே செங்கல் இருக்கும். திரைச்சீலையை ஓர் அடி நீளமாகத் தைத்துக்கொண்டால் அறையும் உயரமாகத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே மழைத் தடுப்பு சன்ஷேட் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அது லிண்டலோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும், அதனால் மட்டம் கண்டுபிடிக்க அதுவே அடையாளம்.

கேள்வி: டிரில் சுற்றுகிறது, சத்தம் வருகிறது, சுவரில் துளையே விழவில்லை. புது மெஷின். — வாசகர், ஆரணி

விரலால் அழுத்தும் விசைக்கு மேலே இருக்கும் முன்-பின் பொத்தானைப் பாருங்கள். பின்னோக்கிச் சுற்றுகிறது. டிரில்லின் பின்னாலிருந்து பார்க்கும்போது பிட் வலப்பக்கமாக, கடிகார முள் போல் சுற்ற வேண்டும். அந்த பிட்டின் முனை தேய்ந்திருக்கும், மாற்றிவிடுங்கள்.

கேள்வி: இம்பாக்ட் டிரில், இம்பாக்ட் டிரைவர் இரண்டும் ஒன்றா? மாடியில் 12-ஆம் நம்பர் ஸ்க்ரூ போட்டு மெட்டல் ஷீட் கூரை போடப் போகிறேன், எது வாங்க வேண்டும்? — வாசகர், வேதாரண்யம்

பெயர்தான் ஒன்று. இம்பாக்ட் டிரில் முன்னோக்கி அடிக்கும். அது சுவரைத் துளைக்க. இம்பாக்ட் டிரைவர் சுற்றும் திசையில் அடிக்கும். ஸ்பேனரின் கைப்பிடியைச் சுத்தியலால் தட்டுவது போல. அது ஸ்க்ரூ, போல்ட் முறுக்க. அதன் முறுக்கு 100 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகும். அதில் சக் கிடையாது, கால் அங்குல அறுகோணத் துளைதான். அதை வாங்கிச் சுவரைத் துளைக்க முயன்று ‘மெஷின் சரியில்லை’ என்று திருப்பிக் கொடுப்பவர்கள் நிறைய.

உங்கள் கூரை வேலைக்கு இம்பாக்ட் டிரைவர் பொருத்தம், அதுவும் 18 வோல்ட். மாடியில் பிளக் பாயிண்ட் இருக்காது, வயர் ஷீட்டின் விளிம்பில் அறுபடும். பேட்டரிக் கருவி தன் விலையை நியாயப்படுத்தும் இடம் இது. 12-ஆம் நம்பர் தானே துளைக்கும் ஸ்க்ரூவின் தலைக்கு 5/16 அங்குலக் காந்த சாக்கெட் வேண்டும். விசையை முழுதாக அழுத்திக்கொண்டே இருந்தால் அதிவேகத்தில் ஸ்க்ரூவின் முனை இரும்பைத் துளைக்கும் முன்பே சூடேறி மழுங்கும். பாதி வேகத்தில் தொடங்கி, சீராக அழுத்தி, முனை உள்ளே போனதும் கொஞ்சம் கூட்டுங்கள். ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். வாஷர் தட்டையாகி வெளியே வழிந்தால் முதல் மழையிலேயே அந்தத் துளை ஒழுகும். டிரில்லில் உள்ளது போல், வைத்த அளவு முறுக்கு வந்ததும் தானே விட்டுவிடும் முறுக்கு வளையம் டிரைவருக்குக் கிடையாது, நிறுத்துவது உங்கள் விரல்தான். பழகும் வரை வீணான தகரத் துண்டில் பத்து ஸ்க்ரூ போட்டுப் பாருங்கள்.

கடலோரம் என்பதால் ஒன்று. சாக்கெட்டின் காந்தத்தில் ஒட்டும் இரும்புத் தூளைத் துடைத்துவிடுங்கள். ஷீட்டின்மேல் விழும் தூளையும் அன்றே பெருக்குங்கள். ஒரே வாரத்தில் அது துருப்பிடித்துப் பெயிண்ட்டில் புள்ளி விழும்.

கேள்வி: அண்ணன் அமெரிக்காவில் இருக்கிறார். பொங்கலுக்கு வரும்போது டிரில் செட் வாங்கி வருகிறேன் என்கிறார். இங்கே ஓடுமா? விமானத்தில் விடுவார்களா? — வாசகி, காரைக்குடி

டிரில்லும் பேட்டரியும் ஓடும், சார்ஜர்தான் சிக்கல். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. சார்ஜரின் அடியில் உள்ள சிறிய எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். ‘100–240’ என்று இருந்தால் வெறும் பின் மாற்றி போதும். ‘120’ என்று மட்டும் இருந்தால், இங்கே சொருகிய நொடியில் புகையும். பெரும்பாலான டிரில் சார்ஜர்கள் இந்த இரண்டாம் வகை. அதற்காக 230-ஐ 120 ஆகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம். அதைவிட, அதே பேட்டரிக்கான 230 வோல்ட் சார்ஜரை இங்கேயே வாங்குவது நல்லது. டீவால்ட்டில் அங்கே 20 வோல்ட் மேக்ஸ் என்று விற்பதும் ஐரோப்பாவில் 18 வோல்ட் என்று விற்பதும் ஒரே பேட்டரிதான், சார்ஜர் மாற்றிக்கொள்ளலாம். நம் ஊரில் கடையும் சர்வீஸும் இல்லாத பிராண்டை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பேட்டரி போனால் அந்த டிரில் அலமாரிப் பொம்மை. அங்கே வாங்கியதற்கு இங்கே வாரண்டியையும் எதிர்பார்க்காதீர்கள்.

விமானத்தில்: மெஷின் சரக்குப் பெட்டியில், கழற்றிய பேட்டரி கைப்பையில். தனி லித்தியம் பேட்டரியைச் சரக்குப் பெட்டியில் வைக்கக் கூடாது. ஒவ்வொரு பேட்டரியும் 100 வாட்-அவருக்குள் இருந்தால் தனி அனுமதி வேண்டாம். வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கினால் வாட்-அவர்: 18-ஐ 2-ஆல் பெருக்கினால் 36, 5-ஆல் பெருக்கினால் 90. 18 வோல்ட் 6 ஆம்பியர்-அவர் 108 ஆகிவிடும், அதற்கு விமான நிறுவனத்தின் அனுமதி கேட்க வேண்டும். பேட்டரியின் உலோக முனைகள்மேல் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: டிரில்லோடு பேட்டரி கட்டிங் மெஷினும் சேர்த்து வாங்கினால் தள்ளுபடி தருகிறார்கள். வாங்கலாமா? கிரில், பழைய கட்டில் கம்பி வெட்டும் வேலை இருக்கிறது. — வாசகர், ஈரோடு

வேண்டாம். 18 வோல்ட் 2 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இருப்பது 36 வாட்-அவர். 4 அங்குல மெஷின் இரும்பை வெட்டும்போது 400 வாட் இழுத்தால் ஐந்தரை நிமிடத்தில் பேட்டரி காலி, கூடவே சுடும். டிரில்லுக்கு விட்டு விட்டு மின்சாரம் போதும். கட்டிங் மெஷின் எனப்படும் கிரைண்டருக்கு ஓயாமல் வேண்டும். அதனால் கிரைண்டரை வயரோடு வாங்குங்கள், விலையும் குறைவு. 4 ஆம்பியர்-அவருக்கு மேல் இரண்டு பேட்டரி கையில் இருந்து, வயர் எட்டாத இடத்தில் வேலை இருந்தால் மட்டும் பேட்டரி கிரைண்டரைப் பற்றி யோசிக்கலாம்.

வாங்கும் மெஷினின் வேகம், அதில் மாட்டும் வெட்டுத் தட்டில் அச்சிட்ட வேகத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 4 அங்குலத் தட்டில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 15,300 சுற்று என்று இருக்கும், மெஷின் 11,000, 12,000 சுற்றும். சரிதான். மரம் வெட்டும் பல் சக்கரத்தை அதில் மாட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். மரத்தில் பல் சிக்கியதும் மெஷின் கையைவிட்டு எகிறும், எகிறும் திசையில் இருப்பது உங்கள் தொடையோ முகமோதான். தட்டை மூடியிருக்கும் காவலைக் கழற்றிவிட்டு வெட்டுவதும் அதே ரகம்.

கேள்வி: டிரில்லை ஒரு வருடம் பரணில் போட்டுவிட்டேன். இப்போது சார்ஜரில் போட்டால் சிவப்பு விளக்கு மின்னுகிறது, ஏறவில்லை. மொபைல் கடையில் ‘வேறு பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து எழுப்பித் தருகிறேன்’ என்கிறார். இன்னொருவர் செல் மாற்றி 700 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். எது நல்லது? — வாசகர், சாத்தூர்

முதலாவது வேண்டவே வேண்டாம். லித்தியம் செல் 2.5 வோல்ட்டுக்கும் வெகு கீழே போய்ப் பல மாதம் கிடந்தால், உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறிடத்தில் படிந்து, செல்லுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். சார்ஜர் மறுப்பது அதனால்தான், அது கோளாறு இல்லை, காவல். வயர் கொடுத்து எழுப்பிய பேட்டரி இன்றைக்கு ஓடும். ராத்திரி சார்ஜரில் போட்டுவிட்டுத் தூங்கும்போது தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு.

இரண்டாவது, யார் மாற்றுகிறார், எந்தச் செல் போடுகிறார் என்பதைப் பொறுத்தது. டிரில் திணறும்போது 20, 30 ஆம்பியர் இழுக்கும். பழைய லேப்டாப்பிலிருந்தும் பவர் பேங்கிலிருந்தும் எடுத்த செல்கள் ஐந்து ஆம்பியர் அளவுக்குச் செய்யப்பட்டவை. மாட்டினால் முதல் நாள் சுற்றும், சுவரில் வைத்து அழுத்தியதும் நிற்கும், பேட்டரி கொதிக்கும். 700 ரூபாய் என்கிறபோது அந்தச் சந்தேகம்தான் வருகிறது. அதிக ஆம்பியர் தாங்கும் செல்தானா என்று மாடல் எண்ணைக் கேளுங்கள். உதாரணமாக சாம்சங் 25ஆர் செல் 20 ஆம்பியர் தாங்கும். ஐந்தும் ஒரே மாடல், புதியவை, நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்து இணைப்பவர் என்றால் சரி. சால்டரிங் இரும்பை நேராகச் செல்லில் வைப்பவர் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தச் சூடு செல்லைக் கெடுக்கும். நல்ல செல்லாகப் போட்டால் செலவு கம்பெனி பேட்டரியை நெருங்கிவிடும். நெருங்கினால் கம்பெனி பேட்டரியே வாங்குங்கள்.

பழையதைக் குப்பையில் போடாதீர்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, விற்ற பேட்டரிகளைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

புது பேட்டரி வந்தபின்: வேலை முடிந்ததும் டிரில்லிலிருந்து கழற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் வைப்பதாக இருந்தால் முழுதாகவும் ஏற்றாமல், காலியாகவும் விடாமல், விளக்கில் பாதி காட்டும்போது வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் ஓட்டுச் சரிவின் கீழ்ப் பரண், வண்டியின் டிக்கி இரண்டும் பேட்டரிக்கு எமன். வேலை செய்து சூடான பேட்டரியை உடனே சார்ஜரில் போட வேண்டாம், அரை மணி நேரம் ஆறட்டும்.

கேள்வி: பிரஷ்லெஸ் மோட்டாருக்கு 3,000 ரூபாய் கூடுதல் கேட்கிறார்கள். தகுமா? — வாசகர், தென்காசி

ஒரே சார்ஜில் கூடுதலாக ஓடும், கார்பன் பிரஷ் தேயாது, மோட்டார் கையடக்கமாக இருக்கும். எல்லாம் உண்மை. தினமும் ஓட்டும் ஆசாரிக்குத் தகும். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை எடுப்பவருக்கு அந்த மூவாயிரத்தை இரண்டாவது பேட்டரியில் போடுவதே லாபம். பிரஷ் தேய்ந்தால் நூறு, இருநூறு ரூபாயில் மாற்றலாம். பிரஷ்லெஸ்ஸில் சர்க்யூட் போர்டு போனால் பெரும்பாலும் புது மெஷின்தான்.

கேள்வி: குளியலறை டைல்ஸில் டவல் கம்பி மாட்டினேன். துளை நன்றாக விழுந்தது, ஸ்க்ரூவை முறுக்கும்போது டைலில் விரிசல் விழுந்துவிட்டது. ஏன்? — வாசகி, கும்பகோணம்

பிளக் டைலுக்குள்ளேயே நின்றிருக்கிறது. ஸ்க்ரூ போகப் போக பிளக் விரியும். விரியும் இடம் டைலாக இருந்தால் உடையத்தான் செய்யும். பிளக்கின் வாய் டைலின் கனத்தைத் தாண்டி, சுமார் 10 மி.மீ. உள்ளே, சுவருக்குள் உட்கார வேண்டும். துளையை பிளக்கின் நீளத்தைவிட 20 மி.மீ. ஆழமாகப் போட்டு, பிளக்கை வைத்த பிறகு ஓர் ஆணியின் தலையால் உள்ளே தட்டிவிடுங்கள். ஸ்க்ரூவும் அந்த அளவுக்கு நீளமாக வேண்டும். இங்கே ஒன்றரை அங்குலம் போதாது, இரண்டு அங்குலம்.

துளை போடும்போது, டைலைக் கடக்கும் வரை சுத்தியல் குறியில் வைக்கவே கூடாது. குறியிட்ட இடத்தில் காகித டேப் ஒட்டினால் பிட் வழுக்காது. சாதாரண செராமிக் சுவர் டைலுக்கு ஈட்டி முனை பிட் போதும். விட்ரிஃபைட் டைல் என்றால் அது வேகாது, 6 மி.மீ. வைர பிட் வேண்டும். அதைச் சாய்த்து வைத்து ஒரு பிறைக் கீறல் போட்டு, பிறகு நேராக்கி, குறைந்த வேகத்தில், ஒருவர் தண்ணீர் தெளிக்கத் தெளிக்கத் துளையுங்கள். தண்ணீர் டிரில்லுக்குள் போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். டைல் முடிந்ததும் சுவர் பிட்டுக்கு மாற்றிய பிறகே சுத்தியல். குழாய், ஷவர் இவற்றுக்கு நேர் மேலேயும் கீழேயும் தண்ணீர்ப் பைப் ஓடும், சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலே வயர்ப் பைப் ஓடும். அந்தக் கோட்டில் துளை வேண்டாம்.

கேள்வி: தேக்குக் கதவில் பித்தளை ஸ்க்ரூ போட்டால் தலை முறிந்துவிடுகிறது. டிரில்லின் வேகம் அதிகமா? — வாசகர், செங்கோட்டை

வேகத்தைவிட, முன்துளை சிறியது என்பதே காரணம். 8-ஆம் நம்பர் ஸ்க்ரூவுக்குத் தேக்கில் 3 மி.மீ. முன்துளை போடுங்கள். அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஒருமுறை முழுதாக ஏற்றி, கழற்றுங்கள். மரத்தில் மறை விழுந்துவிடும். பித்தளை ஸ்க்ரூவின் மறையில் மெழுகையோ சோப்பையோ தேய்த்து, முறுக்கு வளையத்தை ஐந்தாம் எண்ணுக்குக் கீழே வைத்து ஏற்றி, கடைசி இரண்டு சுற்றைக் கையால் முடியுங்கள். டிரில் குறியில் வைத்து ஏற்றினால் எந்தப் பித்தளையும் நிற்காது.

கேள்வி: பேத்திக்கு ஊஞ்சல் கட்ட, கூரை ஸ்லாபில் பேட்டரி டிரில்லால் துளை போட்டு பிளக் வைத்துக் கொக்கி மாட்டலாமா? — வாசகர், மன்னார்குடி

மாட்டக் கூடாது ஐயா. பிளாஸ்டிக் பிளக் சுவரில் பக்கவாட்டில் தொங்கும் எடைக்குச் செய்யப்பட்டது. தலைக்கு மேல் நேராக இழுக்கும், அதுவும் ஆடி ஆடி இழுக்கும் எடைக்கு அது பிடிக்காது. மெல்ல மெல்ல வழுக்கி ஒருநாள் வந்துவிடும். ஸ்லாபின் கனமே நாலரை, ஐந்து அங்குலம். அதற்குள் கம்பியும் ஓடுகிறது, மின்சாரப் பைப்பும் ஓடுகிறது. கட்டும்போதே கம்பியோடு வைத்து வார்த்த ஊஞ்சல் கொக்கி உங்கள் வீட்டில் இல்லை என்றால், கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் காட்டி, அவர் சொல்லும் இடத்தில் ரோட்டரி ஹாமரால் துளைத்து இரும்பு ஆங்கர் போல்ட் போடச் செய்யுங்கள். அதுவரை தரையில் நிற்கும் இரும்புச் சட்ட ஊஞ்சல் வாங்கிக் கொடுங்கள். அதைப் பூட்ட உங்கள் பேட்டரி டிரில் தாராளமாகப் போதும்.